யாரைப் பார்க்கணும்?

போன வருஷம் ஒரு சனிக்கிழமை. கபாலி கோவிலுக்குப் போய்விட்டு நானும் அம்மாவும் லஸ் பக்கமாக நடந்து வந்துகொண்டிருந்தோம். வழியில் ஒரு ஓவியக் கூடம். (பெயர் வேண்டாம், விடுங்கள்.) கண்காட்சி நடக்கிறது, அனுமதி இலவசம் என்று வாசலில் ஆங்கிலத்தில் ஒரு பலகை. அம்மா எட்டிப் பார்த்தாள்.

"உள்ளே போகலாமாடி?"

"போகலாம்மா, காசெல்லாம் கிடையாது."

படி ஏறியதும் அம்மா குனிந்து செருப்பைக் கழற்ற ஆரம்பித்தாள். அதற்குள் வாட்ச்மேன் எழுந்து வந்தார். "யாரும்மா வேணும்? யாரைப் பார்க்கணும்?"

அம்மா ஒரு நொடி கையிலிருந்த விபூதிப் பொட்டலத்தைப் பார்த்தாள். "யாரையும் இல்லப்பா, சும்மாதான்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி இறங்கப் பார்த்தாள். "எக்ஸிபிஷன் பார்க்க வந்தோம்" என்று நான் சொன்னதும் அவர் உடனே வழிவிட்டார். நல்ல மனுஷர்தான். அவரை ஒன்றும் சொல்வதற்கில்லை. அது வீட்டு வாசலிலும் ஆபீஸ் வாசலிலும் கேட்கிற கேள்வி. எழும்பூர் மியூசியத்திலோ ரங்கநாதன் தெருவிலோ மெரினாவிலோ யாரும் அப்படிக் கேட்பதில்லை.

உள்ளே எட்டு நிமிஷம் இருந்திருப்போம். குளிர்ந்த அறை, வெள்ளைச் சுவர், பெரிய பெரிய கேன்வாஸ்கள். பக்கத்தில் சின்ன எழுத்தில் ஆங்கில அட்டைகள். மேஜையில் லேப்டாப்போடு இருந்த பெண் ஒரே ஒரு முறை நிமிர்ந்து பார்த்தாள். எங்களைத் தவிர யாருமில்லை. வெளியே வந்ததும் அம்மா சொன்னாள்: "நல்லாத்தான் இருக்கு. ஆனா நம்மள யாரும் கூப்பிடலையே."

அம்மா மேற்கு மாம்பலத்தில் வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறவள். நிறம் பற்றி அவளுக்குத் தெரிந்ததில் பாதிகூட எனக்குத் தெரியாது. ஒரு புடவைக்கு எந்தப் பச்சை சேரும், எந்தப் பச்சை சேராது என்று விளக்கில் பிடித்துப் பார்த்துச் சொல்லிவிடுவாள். அப்படிப்பட்டவள் ஒரு ஓவியக் கூடத்தில் திருடியைப் போல நடந்துவிட்டு வந்தது எனக்குப் பொறுக்கவில்லை. சரி, இந்த ஊரில் ஓவியமும் சிற்பமும் பார்க்க யாரை யார் கூப்பிட்டார்கள், எப்படிக் கூப்பிட்டார்கள் என்று தேட ஆரம்பித்தேன். வரலாறு படிக்கிற புத்தி, வேறென்ன செய்வது!

*

முதலில் ஒரு வார்த்தை. கண்காட்சிக்கு எதை வைப்பது, எங்கே வைப்பது, எப்படி விளக்குவது என்று முடிவு செய்கிறவரை இப்போது எல்லோரும் க்யூரேட்டர் என்கிறார்கள். நம் அருங்காட்சியகத் துறையில் இதற்கு ஒரு தமிழ்ப் பதவிப் பெயர் உண்டு: காப்பாட்சியர். பொருளைக் காப்பவர். நல்ல சொல்தான், குற்றம் சொல்லவில்லை. ஆனால் பொருளைப் பார்க்க வருகிற மனுஷி அந்தச் சொல்லில் எங்கேயும் இல்லை. லத்தீன் மூலத்திலும் அக்கறை, பராமரிப்பு என்றுதான் அர்த்தமாம். யார் மேல் அக்கறை என்பதுதான் கேள்வி.

சென்னையில் இந்தக் கேள்வி முதலில் எழுந்த இடம் ஓவியக் கூடம் அல்ல, மியூசியம். 1851-ல் நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில், புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி இயங்கிய கட்டிடத்தில், சுமார் 1100 நிலவியல் மாதிரிகளோடு அது தொடங்கியது. கல்லைப் பார்க்க யார் வருவார்கள்? முதல் பொறுப்பாளராக இருந்த எட்வர்ட் பால்ஃபர் ஒரு டாக்டர், கெட்டிக்காரர். 1854-ல் மியூசியம் எழும்பூர் பாந்தியன் வளாகத்துக்கு மாறியது. அடுத்த வருஷமே அங்கே ஒரு மிருகக்காட்சி சாலையும் சேர்ந்தது. புலியையும் சிறுத்தையையும் பார்க்க வந்த கூட்டம் அப்படியே உள்ளே போய்க் கல்லையும் எலும்பையும் பார்த்தது. பிறகு மிருகங்கள் பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போய்விட்டன. ஊர்க்காரர்கள் இரண்டுக்கும் பெயர் வைத்துவிட்டார்கள். மிருகங்கள் இருக்குமிடம் "உயிர் காலேஜ்", மியூசியம் "செத்த காலேஜ்". கல்லூரிக் கட்டிடத்தில் பிறந்ததால் வந்த காலேஜ் அது. என் பாட்டி கடைசி வரை செத்த காலேஜ் என்றுதான் சொன்னாள்.

ஒரு அரசாங்க நிறுவனத்துக்கு ஊர் ஜனங்கள் செல்லப் பெயர் வைக்கிறார்கள் என்றால் அதற்குள் அவர்கள் புழங்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். இன்றைக்கு எந்த ஓவியக் கூடத்துக்காவது அப்படி ஒரு பட்டப் பெயர் இருக்கிறதா, யோசித்துப் பாருங்கள்.

இதில் ஒரு வேடிக்கை. 1885 முதல் 1908 வரை மியூசியத்தைப் பார்த்துக்கொண்ட எட்கர் தர்ஸ்டனுக்கு (தென்னிந்திய சாதிகள் பற்றிப் பெரிய தொகுதிகள் போட்டாரே, அவரேதான்) இந்தக் கூட்டத்தின் மேல் பெரிய மரியாதை இல்லை. இவர்கள் மியூசியத்தைத் தமாஷா பார்க்கிற இடமாக நினைக்கிறார்கள், எதை வைத்தாலும் இவர்களுக்கு ஒன்றுதான் என்கிற ரீதியில் எழுதியிருக்கிறார். படிக்கும்போது கோபம் வந்தது. பிறகு யோசித்தால், அந்தத் தமாஷா கூட்டத்தை அவர் வெளியே நிறுத்தவில்லை. கதவு திறந்திருந்தது. மதிக்காமல் திறந்து வைத்த கதவு ஒன்று, மதிப்பதாகச் சொல்லி மூடி வைத்த கதவு இன்னொன்று. எது மேல் என்று கேட்டால் நான் முதலாவதைத்தான் சொல்வேன். காணும் பொங்கலுக்கு அங்கே குடும்பம் குடும்பமாகப் போகும் வழக்கம் இன்றும் இருக்கிறது.

*

இனி ஓவியர்கள் பக்கம் வருவோம். அலெக்சாண்டர் ஹண்டர் என்ற டாக்டர் (அந்தக் காலத்தில் எல்லாவற்றையும் டாக்டர்கள்தான் தொடங்கியிருக்கிறார்கள் போல) 1850-ல் ஆரம்பித்த கலைப்பள்ளிதான் இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரி. பெரியமேட்டில் இருக்கிறது. பல பத்தாண்டுகள் அது முக்கியமாகத் தொழில் பழகும் இடம். 1929-ல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி பொறுப்பேற்றார், அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர். 1957 வரை இருந்தார். 1954-ல் தில்லியில் லலித் கலா அகாடமி தொடங்கியபோது முதல் தலைவரும் அவரே.

அவர் பெயர் தெரியாத சென்னைவாசிகள் லட்சக்கணக்கில் இருப்பார்கள். அவர் செய்ததைப் பார்க்காதவர் அநேகமாக இருக்க மாட்டார்கள். மெரினாவின் வடக்குக் கோடியில் நான்கு ஆட்கள் ஒரு பெரும்பாறையை நெம்பித் தள்ளுகிறார்களே, அந்த உழைப்பாளர் சிலை. 1959 ஜனவரியில் வைத்தார்கள். சிங்காரவேலர் 1923-ல் நாட்டின் முதல் மே தினக் கூட்டங்களை நடத்தியது இதே கடற்கரையில்தான். அதனால் மே 1 வந்தால் சிவப்புத் துண்டோடு ஜனங்கள் அங்கே கூடுவார்கள். கீழே சுண்டல், மேலே காக்கா. சிலையைப் பார்க்க யாரும் அனுமதி கேட்பதில்லை. கலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல் பார்க்கிறார்கள்.

இந்தச் சிலைக்கு மாடலாக நின்றவர்களாகச் சொல்லப்படும் பெயர்கள் இரண்டு. ஒருவர் கல்லூரி மாணவர் ஏ.பி. சீனிவாசன், பின்னால் அங்கேயே ஆசிரியரானவர். இன்னொருவர் ராமு, கல்லூரியின் இரவுக் காவலாளி. இதைப் படித்ததும் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். சென்னையில் ஆக அதிகம் பேர் பார்த்த சிற்பத்தில் இருப்பது ஒரு வாட்ச்மேனின் உடம்பு! மயிலாப்பூரில் எங்களை நிறுத்திய அண்ணனுக்கு இதை யாராவது சொல்லியிருப்பார்களா? அவர் காவல் காக்கும் அறைக்குள் ஒரு நாளாவது அவரை உட்கார வைத்து ஒரு படத்தைப் பற்றி யாராவது பேசியிருப்பார்களா?

ராய் சௌத்ரிக்குப் பின் வந்தவர் கே.சி.எஸ். பணிக்கர். 1944-லேயே முற்போக்கு ஓவியர் சங்கத்தை ஆரம்பித்தவர், 1957 முதல் 1967 வரை கல்லூரி முதல்வர். மெட்ராஸ் இயக்கம் என்று இன்று நாம் சொல்வது இவரைச் சுற்றி வளர்ந்ததுதான். 1961-ல் "ஆர்ட்ரெண்ட்ஸ்" என்ற பத்திரிகையும் வந்தது. நல்ல பத்திரிகை, தென்னாட்டு ஓவியர்களைப் பற்றி வெளியே பேச வைத்த பத்திரிகை. ஆனால் ஆங்கிலத்தில். தில்லிக்கும் பம்பாய்க்கும் நாங்களும் இருக்கிறோம் என்று தெரிவிக்க வேண்டியிருந்தது, அது நியாயம்தான். பம்பாயில் அவர்களுக்குக் கிடைத்த வாசகர் தி.நகரில் கிடைத்தாரா என்பது வேறு விஷயம்.

பணிக்கர் குழு செய்த இன்னொரு காரியம் எனக்கு இதைவிடப் பிடித்தது. படம் விற்காது, வயிறு நிறைய வேண்டும், என்ன செய்வது? மாணவர்களும் இளம் ஓவியர்களும் சேர்ந்து பாத்திக் துணி செய்து விற்றார்கள். மெழுகு ஊற்றி சாயம் ஏற்றுகிற வேலை. அந்தக் காசு சேர்ந்துதான் ஈஞ்சம்பாக்கத்தில் கடலோர மணல்காடு ஒன்றை வாங்கினார்கள். 1966-ல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் பிறந்தது. ஓவியர்கள் தாங்களே பணம் போட்டு, தாங்களே நிர்வகித்த குடியிருப்பு. யோசித்துப் பாருங்கள், அந்தப் பாத்திக் துணிகளை வாங்கியவர்களின் வீட்டுக்குள் மெட்ராஸ் இயக்கம் திரைச்சீலையாகவும் சால்வையாகவும் நுழைந்திருக்கிறது. கேன்வாஸ் நுழையவில்லை.

நெசவிலும் இதேதான். மத்திய அரசின் நெசவாளர் சேவை மையத்தில் ரெட்டப்ப நாயுடு, ஆதிமூலம் மாதிரியான ஓவியர்கள் வேலை பார்த்தார்கள். தறிக்கு டிசைன் போடுவது சம்பளத்துக்கு, படம் போடுவது மனசுக்கு. அம்மாவிடம் இதைச் சொன்னேன். "அப்ப நான் வெட்டின துணில அவங்க போட்டதும் இருந்திருக்கும்" என்றாள், கத்தரிக்கோலை நிறுத்தாமல்.

*

ஆதிமூலத்திடம் கொஞ்சம் நிற்க வேண்டும். கே.எம். ஆதிமூலம், 1938-ல் திருச்சி மாவட்டத்தில் பிறந்தவர், 2008 ஜனவரியில் காலமானார். 1969 காந்தி நூற்றாண்டுக்கு அவர் வரைந்த காந்தி கோட்டோவியங்கள் தனிக் கதை. பிறகு சிறுபத்திரிகைகளுக்கும் புத்தகங்களுக்கும் அட்டை போட்டார், தலைப்பு எழுத்து வரைந்தார். க்ரியா போன்ற பதிப்பகங்களின் புத்தகங்களை எடுத்துப் பார்த்தவர்களுக்கு அந்தக் காலத்து அட்டைகள் ஒரு தனி உலகம் என்று தெரியும். ஆனால் சிறுபத்திரிகையின் வாசகர்கள் எத்தனை பேர்? சில நூறு. அவர்களில் பாதிப் பேர் எழுத்தாளர்கள்!

பெரிய திருப்பம் ஜூனியர் விகடனில் நடந்தது. 1980-களில் கி. ராஜநாராயணன் "கரிசல் காட்டுக் கடுதாசி" எழுதினார், ஆதிமூலம் படம் போட்டார். வாராவாரம் சலூனிலும் டீக்கடையிலும் பஸ் ஸ்டாண்டிலும் ஒரு நவீன ஓவியரின் கோடுகள். முகம் முழுசாக இருக்காது, கோடு கீறலாக ஓடும், உடம்பு வெறும் வேகமாக இருக்கும். அதுவரை பத்திரிகைப் படம் என்றால் மூக்கும் முழியுமாக ஒரு பெண் என்று பழகியவர்கள் பார்த்தார்கள். முதலில் என்ன சொன்னார்களோ, ஆனால் பார்த்தார்கள். காரணம் எளிது. படத்துக்குப் பக்கத்தில் கி.ரா. இருந்தார். அந்தப் பேச்சுத் தமிழ் கையைப் பிடித்துக்கொண்டு வாசகரைப் படத்துக்குள் கூட்டிப் போனது. ட்ராட்ஸ்கி மருதுவின் படங்களும் இப்படித்தான் பத்திரிகை வழியாகப் பலருக்குப் பழக்கமாயின.

என்னைக் கேட்டால், தமிழ்நாட்டில் நவீன ஓவியத்துக்குக் கிடைத்த ஆகப் பெரிய கண்காட்சிச் சுவர் அந்தப் பத்திரிகைப் பக்கம்தான். அதில் க்யூரேட்டர் என்று யாருக்கும் பெயர் இல்லை. எந்தப் படம் எந்த எழுத்தோடு போகும் என்று ஒரு ஆசிரியர் குழு உட்கார்ந்து முடிவு செய்தது, அவ்வளவுதான். ரவிவர்மாவும் ஒரு விதத்தில் இப்படித்தான். 1873-ல் சென்னைக் கண்காட்சியில் பரிசு வாங்கினார் என்பது படித்தவர்களுக்குத் தெரியும். 1894-ல் பம்பாயில் அச்சகம் வைத்துக் கல்லச்சில் லட்சுமியையும் சரஸ்வதியையும் அடித்த பிறகுதான் ஊர் முழுக்கத் தெரிந்தது.

இதற்கிடையில் ஓவியக் கூடங்களும் வந்தன. 1965-ல் சரளா ஆர்ட் சென்டர், 1978-ல் கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாடமியின் மண்டல மையம், 1984-ல் அப்பாராவ் காலரி, பிறகு மயிலாப்பூர், அடையாறு என்று பல. இவற்றை மட்டம் தட்டுவது என் நோக்கமில்லை. தனியார் கூடம் என்பது ஒரு கடை. நகைக்கடை மாதிரி. வாங்குகிறவருக்காகத் திறந்து வைத்தது. அது இல்லாவிட்டால் ஓவியர் சாப்பிட முடியாது. ஆனால் கடைக்கும் கண்காட்சிக்கும் ஒரே கதவு என்றால் அம்மா மாதிரி ஆட்கள் படியிலேயே திரும்பிவிடுவார்கள். தி.நகர் நகைக்கடைகூட, வாங்காவிட்டாலும் உள்ளே வாங்க என்று கும்பிடு போட ஒருவரை வாசலில் நிறுத்துகிறது!

*

2000-க்குப் பிறகு திசை மாறியது. கூடத்துக்கு ஜனங்கள் வரவில்லையா, சரி, ஜனங்கள் இருக்கும் இடத்துக்குப் போவோம் என்று பலருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியிருக்கிறது.

2009-ல் மாநகராட்சி அண்ணா சாலைச் சுவர்களில் போஸ்டர் ஒட்டக் கூடாது என்று சொல்லிவிட்டு ஓவியம் வரைய வைத்தது. பிளெக்ஸ் வந்ததால் வேலை போன சினிமா பேனர் ஓவியர்களுக்கு மறுபடி தூரிகை கிடைத்தது. கோவில், கிராமம், நாட்டியம், மன்னர்கள் என்று எல்லாம் பத்திரமான விஷயங்கள். கலை விமர்சகர்கள் முகம் சுளித்திருக்கலாம். எனக்கு அந்தக் கைகளின் மேல் மரியாதை உண்டு. அறுபதடி உயரத்துக்கு எம்.ஜி.ஆர். முகத்தைக் கட்டம் போட்டு ஏற்றத் தெரிந்த கை அது. குறை என்னவென்றால், அவர்களிடம் உங்களுக்கு என்ன வரையத் தோன்றுகிறது என்று கேட்டதாகத் தெரியவில்லை.

2015-ல் ஊரூர் ஆல்காட் குப்பத்தில் ஒரு விழா தொடங்கியது. பெசன்ட் நகர் கடற்கரையை ஒட்டிய மீனவர் ஊர் அது. டி.எம். கிருஷ்ணாவும் நித்யானந்த் ஜெயராமனும் ஊர்க்காரர்களும் சேர்ந்து செய்தது. கர்நாடக சங்கீதமும் பறையும் ஒரே மேடையில். இது ஓவியம் அல்ல, இருந்தாலும் சொல்கிறேன், ஏனென்றால் இங்கே நடை திசை திரும்பியிருக்கிறது. சபாவுக்குப் போகிறவர்கள் குப்பத்துக்கு வந்தார்கள். யாரைப் பார்க்கணும் என்று கேட்கிற உரிமை அன்றைக்குக் குப்பத்துக்காரர்கள் கையில் இருந்தது. (கேட்டிருக்க மாட்டார்கள். டீ கொடுத்திருப்பார்கள்.)

2016-ல் சென்னை போட்டோ பினாலே வந்தது. புகைப்படங்களைப் பறக்கும் ரயில் நிலையங்கள் மாதிரியான பொது இடங்களில் வைத்தார்கள். பறக்கும் ரயில் நிலையங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மைதானம் மாதிரி கான்கிரீட் கூடம், நடுவில் நாலு பேர். படம் மாட்ட அதைவிட இடம் கிடையாது. 2019-ல் அடுத்த பதிப்பை நடத்திய ஓவியர் புஷ்பமாலா, சேப்பாக்கத்தில் பெரும்பாலும் பூட்டியே கிடந்த செனட் ஹவுஸைத் திறந்து அதில் கண்காட்சி வைத்தார். கட்டிடத்தைப் பார்க்க வந்தவர்கள் படத்தையும் பார்த்தார்கள். பால்ஃபரின் புலி உத்திதான் இது!

ஆனால் எல்லா இடத்துக்கும் போக முடியாது என்பதும் இந்த ஊரில் நடந்த கதைதான். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாறு பொங்கி சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டை எல்லாம் மூழ்கியதை நாம் மறக்கவில்லை. அப்போது நான் நாலாம் வகுப்பு. மாடி வீட்டு மாமி சமையலறையில் மூன்று நாள் இருந்தோம். 2018 பிப்ரவரியில், சென்னையின் நதிகளைப் பற்றி ஒரு பொதுக் கலைத் திட்டம் தயாரானது. ஜெர்மன் பண்பாட்டு மையமான கோத்தே இன்ஸ்டிட்யூட் முன்னின்றது, ஃப்ளோரியன் மாட்ஸ்னர், ரவி அகர்வால் உள்ளிட்டோர் தேர்வு செய்தார்கள். யோசனை என்னவென்றால், கூவத்தின் கரையிலேயே கலைப் பொருட்களை வைப்பது. நாற்றத்தோடு, கொசுவோடு, ஜனங்களோடு. அரசு அனுமதி தரவில்லை. கடைசியில் எல்லாம் கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாடமி வளாகத்துக்குள் போனது. "டாம்ன்ட் ஆர்ட்" என்ற பெயரில் நடந்தது, அணையையும் சாபத்தையும் ஒன்றாகச் சொல்கிற சிலேடை.

கூவம் அங்கிருந்து ரொம்ப தூரமில்லை. ஆனாலும் கரையில் நடக்கிறவர் பார்ப்பதும் கேட் தாண்டி உள்ளே வருகிறவர் பார்ப்பதும் ஒன்றா? நதியைப் பற்றி ஏற்கனவே கவலைப்படுகிறவர்கள் வந்து இன்னும் கொஞ்சம் கவலைப்பட்டுவிட்டுப் போயிருப்பார்கள். அண்ணா சாலையில் மன்னர் படம் போட இடம் உண்டு. கூவத்தின் கரையில் கூவத்தைப் பற்றிக் கேட்க இடம் இல்லை. தேர்வு செய்கிறவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும், அவருக்கும் மேலே ஒரு வாட்ச்மேன் இருக்கிறார் என்று அன்றைக்குத் தெரிந்தது.

அந்தக் கரைகளிலிருந்து அகற்றப்பட்டவர்கள் எங்கே போனார்கள்? 2000 முதல் பலர் கண்ணகி நகருக்கு, பின்னால் பெரும்பாக்கத்துக்கு. 2020-ல் கண்ணகி நகரில் ஸ்டார்ட் இந்தியா என்ற அமைப்பு ஏஷியன் பெயின்ட்ஸோடும் மாநகராட்சியோடும் சேர்ந்து அடுக்குமாடிச் சுவர்களில் பிரம்மாண்ட ஓவியங்கள் தீட்டியது. சென்னையின் முதல் கலை மாவட்டம் என்றார்கள். இதைப் பற்றி எனக்கு இரண்டு மனசு. என் வகுப்புத் தோழி அங்கேதான் இருக்கிறாள். முன்பெல்லாம் ஏரியா பெயர் சொன்னால் ஆட்டோக்காரர் வர மாட்டார், இப்போது போட்டோ எடுக்க வருகிறார்கள் என்றாள். அது சின்ன விஷயமில்லை. அதே மூச்சில், "சுவத்துக்குப் பெயின்ட் அடிச்சாங்க, தண்ணி இன்னும் லாரிலதான் வருது" என்றும் சொன்னாள். மயிலாப்பூரில் எங்களை யாரும் கூப்பிடவில்லை. அங்கே அவர்கள் யாரும் கூப்பிடாமலே கலை வீட்டுக்கு வந்து நின்றது. இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர் என்று முதலில் நினைத்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை.

அதே அமைப்பினர் 2021-ல் இந்திரா நகர் ரயில் நிலையத்தின் வெளிச்சுவரில் செய்ததை மட்டும் மனசார ஒப்புக்கொள்கிறேன். எச்.ஐ.வி. பற்றிய அச்சத்தைப் போக்குவதற்காக, மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கத்தோடு சேர்ந்து செய்த வேலை. ஏ-கில், கத்ரா என்ற இரண்டு ஓவியர்கள் சாதாரண மனிதர்களின் முகங்களை ராட்சச அளவில் வரைந்தார்கள். அதில் சிலர் எச்.ஐ.வி. தொற்று உள்ளவர்கள். யார் என்று கண்டுபிடிக்க முடியாது. அதுதான் விஷயம். நான் அப்போது பள்ளிக்கூடத்தில், கொரோனாவில் எல்லாம் மூடிக் கிடந்தது. ஒரு நாள் அப்பா வண்டியில் அந்த வழியே போனபோது சிக்னலில் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். இவரா, அவரா என்று என்னை அறியாமல் தேடினேன். பிறகு தேடுவதற்காக வெட்கப்பட்டேன். அட்டை இல்லை, ஆங்கில விளக்கம் இல்லை. யாரோ உட்கார்ந்து, இந்த வழியாக யார் போவார்கள், எத்தனை நொடி நிற்பார்கள், என்ன நினைப்பார்கள் என்று யோசித்திருக்கிறார்கள்.

அட்டை என்றதும் ஒன்று. இப்போது பல இடங்களில் தமிழிலும் விளக்கம் வைக்கிறார்கள், சந்தோஷம். ஆனால் "வெளியின் உடல்சார் விசாரணையை முன்னிறுத்தும் படிமங்கள்" என்கிற மாதிரித் தமிழ்! அதற்கு ஆங்கிலமே தேவலை, புரியாததற்கு ஒரு காரணமாவது சொல்லலாம். கி.ரா.வைப் போலப் பக்கத்தில் நின்று பேசுகிற தமிழ் வேண்டும். அதை எழுதத் தெரிந்தவர்கள் இந்த ஊரில் இல்லாமலா போய்விட்டார்கள்?

*

போன மாதம் அம்மாவை சோழமண்டலம் கூட்டிப் போனேன். தி.நகரில் மகாபலிபுரம் போகும் பஸ் ஏறி ஈஞ்சம்பாக்கத்தில் இறங்கினோம். 2009-ல் அங்கே பணிக்கர் பெயரில் மெட்ராஸ் இயக்கத்துக்கான அருங்காட்சியகம் திறந்தார்கள். இந்த முறை நான் வழியிலேயே பாத்திக் கதையைச் சொல்லிக்கொண்டு போனேன், துணி விற்று நிலம் வாங்கிய கதை. அம்மாவுக்கு அது பிடித்துவிட்டது. "எவ்வளவு நாள் தச்சாங்களோ" என்றாள். தைக்கவில்லை, சாயம் போட்டார்கள் என்று திருத்தினேன். "எல்லாம் ஒண்ணுதான்" என்றாள்.

பணிக்கரின் "சொற்களும் குறியீடுகளும்" வரிசைப் படம் ஒன்றின் முன்னால் நின்றாள். கட்டங்கள், ஜாதகக் குறிப்பு மாதிரி, மலையாளம் மாதிரி ஆனால் படிக்க முடியாத எழுத்து, கூட்டல் கழித்தல் மாதிரி ஏதோ. 1963 வாக்கில் இந்த வரிசையைத் தொடங்கினார், கடைசி வரை வரைந்தார்.

"இது என்ன பாஷை?"

"எதுவும் இல்லம்மா. படிக்க முடியாது, சும்மா பார்க்கத்தான்."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "என் அளவு நோட்டு மாதிரி இருக்கு" என்றாள். கட்டம் போட்டு, கை பத்து, சுற்று முப்பத்தாறு, கழுத்துக்கு ஒரு வளைவு என்று அவள் எழுதி வைக்கிற நோட்டு. எனக்குப் புரியாது, அப்பாவுக்குப் புரியாது. "இவருக்கும் யாரோ அளவு கொடுத்திருக்காங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போனாள். இந்த ஒரு வாக்கியத்தைப் பணிக்கர் கேட்டிருக்க வேண்டும். அவர் 1977-லேயே போய்விட்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தது. காணும் பொங்கலுக்கு எழும்பூர் போகலாமா என்றாள். சின்ன வயதில் தாத்தாவோடு போனதாம். "அந்தத் திமிங்கல எலும்பு இன்னும் இருக்கா?"

இருக்கிறது என்றேன்.